கேட்டைத் திறக்காததற்கு வருந்தவில்லை, சகலை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த சகலை அவர்களின் சமூகத்திற்கு, இளைய சகலை கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும், வயிற்றில் இருப்பதையும் கணக்கில் எடுத்தால் மூவரும், சௌக்கியம். அங்கே தாங்களும், அக்காவும், தங்கள் மகள் வாண்டும், தங்கள் செருப்புக் கடையில் உள்ள எல்லா ஜோடிகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

நிற்க. (கடிதத்தில் இப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். தங்களை மறுபடியும் நிற்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

போன ஞாயிற்றுக்கிழமை தங்களைக் குடும்பத்தோடு தெருவில் நிற்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு உடனே எழுதும்படி மாமா உத்தரவு போட்டிருக்கிறார். போனில் கேட்டுவிடலாம் என்றால் தாங்கள் எடுப்பதில்லை. ஆகவே எழுத்து மூலம் கேட்கிறேன். தங்களுக்குக் கால் வலித்ததற்கு வருந்துகிறேன். அன்றைக்குப் பார்த்து வெயில் அப்படி அடித்ததற்கு வருந்துகிறேன். கேட்டைத் திறக்காததற்கு வருந்தவில்லை.

இத்தோடு கையெழுத்துப் போட்டு உறையில் வைத்திருப்பேன். உங்கள் மைத்துனி, அதாவது என் வீட்டுக்காரி, வாங்கிப் படித்துவிட்டு, இது மன்னிப்பு மாதிரி இல்லை, தண்ணீர் கனெக்‌ஷனை வெட்டப் போகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, ஏன் திறக்கவில்லை என்று அத்தானுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும்.

போன வருஷம் எங்களுக்கு ஒன்று வந்து நிற்காமல் போனது தங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் காய்ச்சல் அடித்தது, அப்புறம் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் காய்ச்சலால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பல சமயம் காரணமே கிடைப்பதில்லை என்றார். வெளியே வந்து வேனை எடுத்தேன். முன் சீட்டில் இவள் மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது, "காரணம் தெரிஞ்சா அதைத் திட்டவாவது செய்யலாம்" என்றாள். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், எனக்கு கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த இடத்தில்தான் சகலை நான் முடிவு பண்ணினேன். நம் கையில் இல்லாதது இல்லாமல் போகட்டும். நம் கையில் இருப்பது என்று டாக்டரம்மா எதையெல்லாம் சொல்கிறாரோ, அதில் ஒன்றைக்கூட விடப்போவதில்லை.

ஆகவே அடுத்ததற்கு முயற்சி பண்ணும் முன்னாலேயே போய் உட்கார்ந்தோம். இவளுக்கு மட்டும்தான் ரத்தம் எடுப்பார்கள் என்று நான் பாட்டுக்கு மீன் தொட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், நர்ஸ் என் சட்டைக் கையை மடித்துவிட்டார். என்ன டெஸ்ட் என்று விசாரித்தால், பால்வினை நோய்கள், கல்லீரலைப் பிடிக்கிற கிருமி, எச்.ஐ.வி. என்று போகிறது. அம்மா, நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், குழந்தைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதைத் தவிர ஒரு தப்புத்தண்டாவும் கிடையாது என்று சொன்னேன். டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமல், டெஸ்ட் வேனுக்கு இல்லை, உங்களுக்குத்தான், இது எல்லா அப்பா அம்மாவுக்கும் எடுப்பது என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. இவளுக்குத்தான் ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று வந்தது. ரூபெல்லா என்றால் பெரியவர்களுக்கு லேசாக ஜுரம், மேலெல்லாம் சிவப்பாகப் பொரிப்பொரியாய் வந்து போய்விடும். வயிற்றில் ஆரம்ப மாசத்துக் குழந்தை இருந்தால் அதன் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்துவிடுமாம். அதனால் உடனே தடுப்பூசி போட்டார்கள். போட்டபின் ஒரு மாசம் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

அந்த மாசம் பார்த்துத்தான் நம் மாமா வாரா வாரம் போன் பண்ணி, ஏதாவது விசேஷம் உண்டா மாப்பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை இருமிச் சமாளித்தேன். மூன்றாவது தடவை, "டாக்டர் ஒரு மாசத்துக்கு விசேஷம் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அங்கே மழையா என்று கேட்டார்.

பிறகு நல்லபடியாக விசேஷம் வந்தது. வந்ததும் என் கண் இவள் வேலை பார்க்கிற இடத்தின் மேல் விழுந்தது. பாலர் வகுப்பு டீச்சர் என்றால் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது என்று வெளியிலிருந்து நினைக்கிறோம். முக்கால்வாசி நேரம் மூக்குத் துடைக்கிற உத்தியோகம் சகலை அது. இவள் அதோடு விடாமல், வீணாகிறதே என்று பிள்ளைகள் கடித்துவிட்டு வைத்த ரொட்டி ஓரத்தையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிற ஆள். சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் ஒரு கிருமி இருக்குமாம். அதுகளுக்கு ஒன்றும் பண்ணாது, நமக்கும் வந்ததே தெரியாது, வயிற்றுப் பிள்ளைக்கு மட்டும் காதைக் கெடுத்துவிடலாமாம். மூக்கைத் துடைத்தாலும் ஜட்டியை மாற்றினாலும் உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, அதுகளோடு ஸ்பூன் பங்கு போடாதே, முத்தம் கொடுக்கணும் என்றால் உச்சந்தலையில் கொடு, உதட்டுப் பக்கம் போகாதே என்று டாக்டரம்மா சொன்னார். இவள் அன்றைக்கே ரொட்டி ஓரத்தை விட்டுவிட்டாள். விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, என்னை மட்டும் சொல்றீங்களே, வேன் நிறைய மூக்கை முதுகுக்குப் பின்னாடி ஏத்திக்கிட்டு ஓட்டறது யாரு என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. மறுநாளே வேன் படிக்கட்டுப் பக்கத்தில் குழாய் வைத்த தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டினேன். சோப்பை ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிந்து கைப்பிடியில் தொங்கவிட்டேன். கையைக் கழுவினால்தான் ஏறலாம் என்று சட்டம் போட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒருத்தன் முழங்கை வரைக்கும் கழுவினான், ஒருத்தி பென்சில் பாக்ஸைக் கழுவினாள், ஒரு குட்டிப் பயல் கழுவிவிட்டு இறங்கிப்போய் வரிசையில் மறுபடியும் நின்றான். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள். பிரின்சிபல் அம்மா கூப்பிட்டனுப்பினார். நனைந்த சாக்ஸோடு வந்திறங்கிய பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் காட்டி, உங்களை வேன் ஓட்டச் சொன்னா குளம் வெட்டிக் கொண்டுவந்திருக்கீங்க என்றார். நான் அசரவில்லை. வீட்டு நிலவரத்தைச் சொன்னேன், போன வருஷத்துச் சங்கதியையும் சொன்னேன். அந்த அம்மா பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, வேனில் வேண்டாம், பள்ளிக்கூட வாசலிலேயே குழாய் போட்டுவிடலாம் என்றார். போட்டார். சளி, வயிற்றுப்போக்கு என்று லீவு போடுகிற பிள்ளைகள் குறைந்துபோனார்கள். இப்போது எல்லாப் பெற்றோருக்கும் போன சர்க்குலரில் இது பிரின்சிபலின் அரிய முயற்சி என்று போட்டிருக்கிறது. போகட்டும். நான் மட்டும் சாயந்திரம் வீடு வந்தால் பின்பக்கமாகவே போய், சட்டையை ஊறப்போட்டுவிட்டு, குளித்துவிட்டுத்தான் இவள் முகத்தில் முழிக்கிறேன்.

சமையலறையையும் நான் எடுத்துக்கொண்டேன். கறி வெட்ட ஒரு பலகை, காய் வெட்ட ஒரு பலகை. கறி உள்ளே ரோஸ் நிறம் போகிறவரை வேகும். முட்டையை நான் அவிக்கிற அவியில் அது தரையில் விழுந்தால் எகிறும். வண்டியில் வெட்டி வைத்து விற்கிற பழத்துக்கு வீட்டில் அனுமதி இல்லை. முந்தின நாள் மிச்சம் எதுவாக இருந்தாலும் ஆவி பறக்கச் சுட வைக்காமல் தட்டுக்கு வராது. இதெல்லாம் டாக்டரம்மா சொன்னது. பாக்கெட்டிலிருந்து எடுத்த ரொட்டியைக் குழாயில் கழுவியது நானாகச் செய்தது. கழுவிய ரொட்டியை இவள் கரண்டியால் அள்ளி என் தட்டில் போட்டு, சாப்பிடுங்க என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த தடவை போனபோது, செய்தித்தாளை எப்படிக் கழுவுவது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"சோப்பு, சூடு, ஊசி, நோயாளிகிட்ட இருந்து தூரம். இந்த நாலையும் ஒழுங்காப் பண்ணுங்க. பேப்பரை விட்டுடுங்க" என்றார்.

ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது. ஃப்ளூவுக்கும் கக்குவான் இருமலுக்கும் இவளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கர்ப்பத்தில் போட்டுக்கொள்ளலாமாம், போட்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் போய், பிறந்த புதிதில் அதைக் காப்பாற்றுமாம். குழந்தையைத் தூக்கப்போகிற பெரியவர்களும் போட்டுக்கொள்வது நல்லது என்றார்கள், நானும் போட்டுக்கொண்டேன். ராத்திரி கை வலிக்கிறது என்று முனகியது யார் என்பதை இவள் உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பாள்.

இப்படி எட்டு மாசம் ஒரு வழியாக ஓட்டிக்கொண்டு வந்தவன் வீட்டு வாசலில்தான் சகலை நீங்க ஞாயித்துக்கிழமை வந்து இறங்கினீங்க. சந்தோஷமாத்தான் கீழே வந்தேன். உங்க ஒரு கையில பால் கேன். நண்பர் பண்ணையில இப்பதான் கறந்தது, காய்ச்சாமக் குடிச்சாத்தான் சத்து, பிள்ளை கொழுகொழுன்னு பொறக்கும்னு சொன்னீங்க. பொங்கக் காய்ச்சித்தான் குடுப்பேன்னு நான் சொன்னதும், என்னமோ அந்த மாட்டையே கேவலமாப் பேசின மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டீங்க. இன்னொரு கையில ஓட்டை போட்ட ஷூ டப்பா. உள்ள என்னன்னு பார்த்தா பூனைக்குட்டி. கடை குடோன்ல பொறந்துச்சாம், தனியா இருக்கிற பொண்ணுக்குப் பேச்சுத் துணையாம். அப்பகூட நான் கோபப்படலை. பூனையைப் பத்தியும் டாக்டரம்மாகிட்ட கேட்டு வெச்சிருந்தேன். பூனை எதிரி இல்லை, அதோட கழிவுலதான் ஆபத்து, அதை வேற யாராவது கையுறை போட்டுத் தினமும் அள்ளிட்டு, கையைக் கழுவினாப் போதும், பூனைக்குப் பச்சைக் கறி போடாதீங்கன்னு சொல்லியிருந்தாங்க. சரி, அதையும் நாமளே அள்ளிக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டு கேட்டுக் கொக்கியைத் தூக்கினேன்.

அப்பத்தான் வாண்டு கழுத்தைச் சொறிஞ்சா.

என் வேன்ல ரெண்டு பசங்களுக்குச் சின்னம்மை வந்து பார்த்திருக்கேன் சகலை, அதனாலதான் எனக்குத் தெரிஞ்சுது. கம்பி வழியா எட்டிப் பார்த்தேன். காதுக்குப் பின்னாடி ஒண்ணு, கழுத்துல நாலஞ்சு, சின்னச் சின்னதா, உள்ள தண்ணி கோத்துக்கிட்டு. நெத்தியைத் தொட்டா சுடுது. கொக்கியை மறுபடி மாட்டிட்டேன். பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

"என்ன சகலை, ஒரு கொசு கடிச்சதுக்குப் போயி" அப்படின்னீங்க.

"கொசு கடிச்சாத் தண்ணி கோக்காது சகலை" அப்படின்னேன்.

அக்கா மேல பார்த்து இவளைக் கூப்பிட்டாங்க. இவ மாடியில இருந்து, வந்துட்டேன்க்கான்னு படியில இறங்க ஆரம்பிச்சா. இறங்காதேன்னு கத்தினேன். கல்யாணம் ஆனதுல இருந்து நான் அவகிட்ட குரலை உசத்தினது அது ஒரு தடவைதான். பாதிப் படியில அப்படியே நின்னுட்டா. தெருவுல கிரிக்கெட் ஆடிட்டு இருந்தவங்ககூட பந்தைப் பிடிக்காம திரும்பிப் பார்த்தாங்க.

அப்புறமும் நான் உபசாரத்துல குறை வெக்கலை சகலை. ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி சுவர் மேல தூக்கிக் குடுத்தேன், குடை குடுத்தேன், தண்ணி குடுத்தேன். நீங்க கோபத்துல உக்காரலை. வாண்டுதான் ரெண்டுலயும் மாறி மாறி உக்காந்தா. அக்கா கீழ இருந்தும் இவ மாடியில இருந்தும் பேசினதுல உங்க கொலஸ்ட்ரால் எவ்வளவுன்னு தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கும் வருந்தறேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொன்னீங்க. இவளுக்குச் சின்ன வயசுலயே சின்னம்மை வந்து போயாச்சு, அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்துச்சுன்னு மாமாவே சொல்லியிருக்கார், ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு. உண்மையைச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு ஆட்டம் கண்டுபோச்சு. ஏன்னா நாங்களும் டாக்டரம்மாகிட்ட அப்படித்தான் சொல்லியிருந்தோம். அப்படின்னா ஊர் சிரிக்க உங்களை நிக்க வெச்சது வெறும் பைத்தியக்காரத்தனம். ஆனாலும் கை சாவிக்குப் போகலை. நீங்க பாலையும் பூனையையும் எடுத்துக்கிட்டுத் திரும்பிப் பார்க்காமப் போனீங்க. வாண்டு மட்டும் முக்கு திரும்பற வரைக்கும் டாட்டா காட்டிட்டே போச்சு. நான் உள்ள வந்து தலைக்குக் குளிச்சுட்டு உக்காந்தேன். எனக்கு வந்துபோனதுதானே, எதுக்கு இந்த அமர்க்களம்னு இவ ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அதுக்கப்புறம் அன்னைக்கு என்னோட பேசலை.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா போன் பண்ணினாங்க. வாண்டுக்குச் சின்னம்மைதான்னு உங்க டாக்டர் சொல்லிட்டார்னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க. அவங்களுக்கு அப்பத்தான் ஞாபகம் வந்ததாம். சின்ன வயசுல சின்னம்மை வந்தது அவங்க ஒருத்தருக்குத்தான். அன்னைக்கே தங்கச்சியைத் தூக்கிட்டுப் போய் அத்தை வீட்டுல விட்டுட்டாங்க. இவ திரும்பி வரும்போது எல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. வீட்டுல கதை சொல்லிச் சொல்லி ரெண்டு பேருக்கும்னு ஆயிடுச்சு. மாமாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அப்படியும் இருக்கலாம் மாப்பிள்ளைன்னார்.

உடனே வேனை எடுத்துக்கிட்டுப் போனோம். ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் ஓட்டின ஓட்டத்துல ரெண்டு பிள்ளைங்களை வீடு மாத்தி இறக்கிவிட்டேன். ரிசல்ட் வந்துச்சு. எதிர்ப்பு சக்தி துளிகூட இல்லை.

டாக்டரம்மா இவளைப் பார்த்து, அந்தக் குழந்தையோட ஒரே அறையில இருந்தீங்களா, பக்கத்துல நின்னு பேசினீங்களான்னு கேட்டாங்க. இவ என்னைப் பார்த்தா.

"இல்லைங்க. இவர் எல்லாரையும் தெருவுல நிக்க வெச்சுட்டார்" அப்படின்னா.

டாக்டரம்மா நாற்காலியில சாஞ்சுக்கிட்டாங்க. கிட்டப் போயிருந்தா உடனடியா வேற ஊசி போட வேண்டியிருந்திருக்கும், இந்த மாசத்துல வந்தா தாய்க்கு நுரையீரல் வரைக்கும் போகலாம், பிரசவத்தை ஒட்டி வந்தா பிறக்கிற குழந்தைக்கு உயிராபத்துன்னு சொன்னாங்க. நீங்க குழந்தையைத் தொட்டீங்களே, உங்களுக்கு முன்னாடியே வந்துபோயிருக்கான்னு என்னைக் கேட்டாங்க. என் மூக்கு மேல இருக்கிற அம்மைத் தழும்பைக் காட்டினேன். கேட்டைத் திறக்காம நல்ல காரியம் பண்ணீங்கன்னு சொன்னாங்க. பேப்பர் கழுவற ஆளைப் பார்த்து அவங்க சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அன்னைக்குச் சாயந்திரம் மாடிப்படியில இவ எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்தா. நீங்க கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சாம் அப்படின்னா. திட்டற மாதிரி இல்லை. தோள்ல தலையை வெச்சுக்கிட்டா. போன வருஷத்துல இருந்து அவ அழுது நான் பார்த்ததில்லை சகலை. அன்னைக்குப் பார்த்தேன்.

ஆகையால் சகலை அவர்கள் கவனத்திற்கு மீண்டும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், தாங்கள் என்னைப் பற்றி மாமாவிடமும், மாமாவின் தம்பியிடமும், தங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வருவது அனைத்தும் உண்மை. தெருவில்தான் நிற்க வைத்தேன். நாளைக்கே வந்தாலும் நிற்க வைப்பேன். வாண்டுக்குக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். அதன் பிறகும் மூன்று வாரம் தங்களுக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். ஊசி என்றால் தாங்கள் கடையைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்பது தெரிந்ததுதான், இருந்தாலும் ஃப்ளூவுக்கும் கக்குவானுக்கும் போட்டுக்கொண்டு வர வேண்டும். அது வரைக்கும் மாமாவே வந்து சொன்னாலும் சாவி என் சட்டைப் பையை விட்டு வெளியே வராது. மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். வாண்டைச் சொறியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும், நகத்தை ஒட்ட வெட்டிவிடவும். தங்கள் கடையும் கோபமும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கேட்டுக்கு உள்பக்கம் நிற்கும்
தங்கள் இளைய சகலை

பின்குறிப்பு: மேலே உள்ள பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வேன் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்துவிட்டேன். நாம் பேசாமல் ஒரு மாசம் ஆகிவிட்டது. இன்று காலை பெண் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், காதும் கண்ணும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மூன்று நாளாக வேன் பிள்ளைகள் கொடுத்த ஜலதோஷம். ஆஸ்பத்திரி அறைக்குள் போன வேகத்தில் தும்மினேன். நர்ஸ் மாஸ்க்கைக் கையில் கொடுத்து, தும்மல் நிற்கிறவரை குழந்தைப் பக்கமே வரக்கூடாது என்று வராந்தாவில் கொண்டுவந்து விட்டுவிட்டார். போகும்போது கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று எனக்கே விளக்கினார். என் பெண்ணை இன்னும் நான் தூக்கவில்லை. உள்ளே அக்காதான் வைத்திருக்கிறார். நர்ஸ் செய்தது நூற்றுக்கு நூறு சரி. இருந்தாலும் இங்கே தனியாக உட்கார்ந்திருப்பது என்னவோ போல இருக்கிறது சகலை. அன்றைக்கு உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மன்னித்துவிடுங்கள். துணி எடுக்க அக்கா உங்கள் வீட்டுக்கு வருகிறார், அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரோடு கிளம்பி வாருங்கள். தொட்டில் பக்கம் போகாமல் இந்த பெஞ்சில் உட்கார்வதற்கு ஊசியெல்லாம் வேண்டாம், நான் விசாரித்துவிட்டேன்.